பின்னால லொடலொடன்னு கேக்கா? அம்பாசிடர், பத்மினி வண்டிகளின் பின் ஷாக், புஷ்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

"அண்ணாச்சி, பின்னால லொடலொடன்னு கேக்கு, ஷாக்கு போயிட்டு போல." திருநெல்வேலிப் பக்கம் எந்தப் பட்டறையில் பழைய வண்டியைக் கொண்டு நிறுத்தினாலும் முதலில் வரும் பேச்சு இதுதான். ஒரு ஜோடி ஷாக் வாங்கி மாட்டுவார்கள். வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் அதே லொடலொட திரும்பக் கேட்கும். ஷாக்கின் மேல் தப்பில்லை. இந்த லொடலொட பெரும்பாலும் புஷ், அதாவது இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவே இருக்கும் ரப்பர் வளையம், தேய்ந்தால் வருவது. ஷாக் செத்தால் சத்தத்தை விட ஆட்டம்தான் அதிகம் தெரியும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிச் செலவு மிச்சம்.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பின்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்று. ஒரே கட்டையான ஆக்சில், அதைத் தாங்க இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், பட்டையின் துள்ளலை அடக்க இரண்டு ஷாக். வண்டியின் எடை முழுக்கப் பட்டையின் மேல். சாதாரண ஷாக் எடை தாங்குவதே இல்லை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஷாக் வளையம், பட்டையின் முன் கண் (முன் நுனியில் சுருட்டிய வளையம்), பின்னால் பட்டையைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிள் என்று இரும்பும் இரும்பும் சேரும் இடமெல்லாம் ரப்பர் புஷ் இருக்கும்.

சோதனைக்கு முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கிக் கம்பி, தண்ணீர்க் கேன் எல்லாம் வெளியே வரட்டும். சைலன்சர் தொங்கும் ரப்பரையும், பெட்ரோல் டேங்கைப் பிடிக்கும் பட்டியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஷாக் மாற்ற வந்த வண்டியில் ஜாக்கிக் கம்பியைத் துணியில் சுற்றி வைத்ததோடு வேலை முடிந்துபோவது அபூர்வமில்லை.

சின்னக் குழியில், மெதுவாகப் போகும்போது லொடலொட

20 கிலோமீட்டர் வேகத்தில், மேலப்பாளையம் சந்துகள் மாதிரி பெயர்ந்த சாலையில் கேட்டு, 60-க்கு மேல் போனால் மறைந்துபோகும் சத்தம் என்றால் புஷ்தான்.  வேகமாகப் போகும்போது டயர் சத்தம் அதை மூடிவிடும்.

உறுதி செய்ய, அடியில் நின்று பார்க்கக் குழியுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் குழியே போதும். ஒருவர் பின் பம்பரில் கை வைத்து மேலும் கீழும் ஆட்டட்டும். கீழே இருப்பவர் ஷாக்கின் கீழ் வளையத்தையும் அதைத் தாங்கும் இரும்பு முளையான பின்னையும் (pin) சேர்த்து விரல்களால் பிடிக்க வேண்டும். ‘டொக்’ என்று விரலில் அடி விழுந்தால் அந்த இடம்தான். அடுத்து மேல் முனை, பட்டையின் முன் கண், ஷேக்கிள் என்று வரிசையாகப் பாருங்கள். காது ஏமாற்றும், இடதுபக்கச் சத்தம் பாடி வழியாக வலதுபக்கம் கேட்கும். விரல் ஏமாற்றாது.

கண்ணுக்குத் தெரிவதும் உண்டு. நல்ல புஷ்ஷில் அந்த இரும்புப் பின், வளையத்தின் நடுவில் இருக்கும். தேய்ந்ததில் ரப்பர் ஒரு பக்கம் காகிதம்போல மெலிந்து, எதிர்ப்பக்கம் பிறைபோல இடைவெளி விட்டிருக்கும். ரப்பர் பொடிந்து துருவோடு கலந்த செம்பொடி வளையத்தைச் சுற்றி ஒட்டியிருந்தால் அதற்குமேல் சோதனை தேவையில்லை. உவரி, கூட்டப்பனை மாதிரி கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் பின்னோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டை அசையும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கிழிவதைத் தவிர வழியில்லை.

புது புஷ் போட்டும் சத்தம் போகவில்லை என்றால் பின்னைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். பழைய புஷ் தேய்ந்த நிலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் இரும்பு பின்னும் ஒரு பக்கம் அரைபட்டிருக்கும். எமரித்தாளால் துருவை எடுத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் இழுங்கள். படிபோலத் தடுக்கினால் பின் தேய்ந்துவிட்டது. அதில் எந்தப் புது புஷ்ஷும் இறுக்கமாக உட்காராது. போல்ட் வகையானால் போல்ட்டை மாற்றுங்கள். பிராக்கெட்டோடு வெல்டிங் செய்த பின்னாக இருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். தகரத்தைச் சுற்றி உள்ளே திணிப்பது மாதக் கணக்கு தாங்காது.

கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் ‘டங்’ என்றால் புஷ்ஷைச் சோதிக்கும் முன், என்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூ ஜாயின்ட்டைப் பாருங்கள். சாலைக் குழியில் விழும்போது வரும் சத்தமும் இழுவை மாறும்போது வரும் சத்தமும் வேறு வேறு.

வேகத்தடை தாண்டிய பிறகும் படகு மாதிரி ஆடுகிறது

இது ஷாக்கின் குறை. பின் பம்பரை உடம்பு எடை போட்டு அழுத்தி, பட்டென்று கையை எடுங்கள். ஒரு முறை எழும்பி, இறங்கி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது.

ஆனால் பட்டை ஸ்பிரிங் வண்டியில் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. பட்டைகளுக்கு இடையே துருவும் மண்ணும் ஏறியிருந்தால் அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக் முழுக்கச் செத்திருந்தாலும் வண்டி ஒரே ஆட்டத்தில் நிற்கும். அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். மோசமான சாலையில் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து உடனே இரண்டு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாயில் மட்டும் கை படாமல் இருக்கட்டும். வேலை செய்த ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

கசிவையும் அளந்து பாருங்கள். ஷாக்கின் உள்ளே போய்வரும் பளபளப்பான தண்டைச் சுற்றி மெல்லிய ஈரப்பசையும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் ஓட்டலாம். எண்ணெய் கோடுகோடாக இறங்கிக் கீழ் வளையம் வரை வந்து, ரப்பரும் ஊறியிருந்தால் சீல் போய்விட்டது. ஷாக், புஷ் இரண்டையும் மாற்ற வேண்டும்.

டயரும் சாட்சி சொல்லும். பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடும் பள்ளமுமாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பது தெரியும். சக்கரம் தரையோடு ஒட்டாமல் தத்திக்கொண்டே ஓடியதன் அடையாளம் அது.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை மாதிரி நீளமான கரடுமுரடில் முதல் அரைமணி நேரம் சரியாக இருந்து, பிறகு ஆடத் தொடங்கினால் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். நின்று ஆறவிட்டால் சரியாகும். சமவெளியில் அந்த ஷாக் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வால் எழும்பும்போது ஒரே ஒரு ‘டக்’

வேகத்தடையில் பின் சக்கரம் இறங்குகிற நொடியில் அடி விழுகிறதா? ஷாக் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு முட்டுகிறது. வாழைத்தாரும் கருப்பட்டிச் சிப்பமும் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போட்ட வண்டிகளில் இது சகஜம். கூடுதல் பட்டையால் வண்டியின் பின்பக்கம் உயரும். ஷாக் வெறும் வண்டியிலேயே பாதிக்கு மேல் இழுபட்டு நிற்கும். மிச்சம் இருக்கிற கொஞ்ச இடம் வேகத்தடைக்குப் போதாது. இப்படியே விட்டால் ஷாக்கின் உள் வால்வோ மேல் பிராக்கெட்டோ உடையும். கூடுதல் பட்டையை எடுக்க வேண்டும், அல்லது அந்த உயரத்துக்கு ஏற்ற நீளமான ஷாக் போட வேண்டும்.

பள்ளத்தில் இறங்கும்போது ‘தொம்’ என்று கனமாகக் கேட்டால் இது தலைகீழ்: ஆக்சில் மேலே போய், அதைத் தடுக்க வைத்திருக்கும் ரப்பர் முட்டில் இடிக்கிறது. பட்டை படுத்துவிட்டது, அல்லது பாரம் அதிகம், அல்லது ரப்பர் முட்டே விழுந்துவிட்டது. மூன்றில் எது என்பது குழியில் நின்று பார்த்தாலே தெரியும்.

பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

ஷாக் கடைக்குப் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்துப் பட்டையில் ஏதோ ஒரு தகடு உடைந்திருக்கும் அல்லது செட் முழுக்க வளைவு போயிருக்கும். பட்டறையில் செட்டைக் கழற்றி வளைவு ஏற்றித் தருவார்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் சாய்வு மறுபக்கம் போகும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பின்னால் யாரோ தள்ளுகிற மாதிரி வண்டி அலைகிறது

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் வால் போகிறது என்றால் பட்டையின் முன் கண் புஷ், ஷேக்கிள் புஷ், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் இந்த மூன்றையும் பாருங்கள். இதை ஒத்திப்போடக் கூடாது. யூ போல்ட் தளர்ந்து ஓடினால் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்துவிடும். ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகரும். பின்னால் வருகிறவருக்கு உங்கள் வண்டி நண்டு மாதிரிக் கோணலாகப் போவது தெரியும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் வந்துவிடும்.

ஆனி, ஆடியில் மட்டும் இந்தப் புகார் வருகிறதா? வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு வரை 44-ம் எண் நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். போகும்போது வலதுபக்கமிருந்து தள்ளியது வரும்போது இடதுபக்கமிருந்து தள்ளினால் காற்று. இரண்டு திசையிலும் காலின் மிதிக்கு ஏற்றபடியே ஆடினால் புஷ்.

கீச் கீச்

மழையில் மறைந்து வெயிலில் திரும்ப வரும் கீச்சொலி பட்டைகளுக்கு இடையிலிருந்து வருகிறது. ஸ்பிரிங்கை இறக்கிக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் தடவினால் அடங்கும். புஷ் கீச்சிட்டால் மேலே எண்ணெய் விடாதீர்கள். என்ஜின் ஆயிலும் கிரீஸும் சாதாரண ரப்பரை ஊதவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். வீட்டில் விளக்கெண்ணெய் இருந்தால் அதுவும் ஆகும். பழைய காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயை அடிப்படையாக வைத்துத்தான் செய்தார்கள், ரப்பரை அது கெடுக்காது என்பதால்.

மாற்றும் வேலை

ஷாக்கை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். வளைய முனை வகையில் ஒரு ஷாக்குக்கு 2 என்று 4 புஷ் வேண்டும். புது ஷாக்கோடு வந்துவிட்டதா என்று கடையிலேயே பாருங்கள். ஷேக்கிளில் பாதி புஷ் வகை (இரண்டு பக்கமிருந்தும் ஆளுக்குப் பாதியாக நுழையும் புஷ்) என்றால் ஒரு பக்கத்துக்கு 4, மொத்தம் 8. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. கடையில் கிடைக்கும் ரப்பரில் பாதி எந்தக் காலத்துச் சரக்கு என்றே சொல்ல முடியாது. நகத்தால் அழுத்துங்கள்: பள்ளம் விழுந்து உடனே எழ வேண்டும். மடக்கினால் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, தேய்த்தால் விரலில் கரி ஒட்டினாலோ வேண்டாம். பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். தினசரி ஓட்டும் குடும்ப வண்டிக்கு நல்ல ரப்பரே மேல்.

பழைய ஷாக்கையும் புதியதையும் அருகருகே வைத்து, முழுக்க இழுத்த நீளத்தையும் முழுக்க அழுத்திய நீளத்தையும் ஒப்பிடுங்கள். ஆக்சில் ரப்பர் முட்டைத் தொடும்போதும் ஷாக் இன்னும் ஓர் இரண்டு சென்டிமீட்டராவது அமுங்க இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முட்டின் வேலையை ஷாக் செய்து சாகும்.

ஸ்பேனர் விஷயத்தில் கவனம். அம்பாசிடரில் இஞ்ச் அளவு, பத்மினியில் மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 13-ம் நம்பர் ஸ்பேனர் ஏறும், இறுகிய நட்டில் முனையை மழுக்கவும் செய்யும். 9/16 இஞ்ச் 14.3 மி.மீ.; அதற்கு 14 ஏறாது, 15 வழுக்கும். துருப்பிடித்த நட்டில் முதல் திருகிலேயே சரியான ஸ்பேனர் வேண்டும். இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது.

முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். மறுநாள் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். பாடியின் உறுதியான இடத்தில், பட்டையின் முன் பிராக்கெட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். தரைத் தகட்டிலோ டேங்கின் அடியிலோ வைக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை எடுத்துவிடாமல் ஆக்சிலைத் தொட்டபடி நிற்கட்டும். ஷாக்கைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும். தவிர, ஓட்டை நேர்படாதபோது ஜாக்கியை ஒரு விரல் ஏற்றி இறக்கினாலே போல்ட் தானாக நுழையும்.

வாஷர், புஷ் இருக்கும் வரிசையைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் முனை முதலில், பிறகு மேல் முனை. நட்டு அசையவே மாட்டேன் என்றால் நட்டு பிளக்கும் கருவியோ உளியோ பயன்படுத்துங்கள். கேஸ் கட்டிங்கும் கிரைண்டரும் வேண்டாம். பெட்ரோல் டேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பட்டைக் கண்ணில் ஒட்டிய பழைய புஷ்ஷைத் தீ வைத்து எடுக்கும் பழக்கமும் பட்டறைகளில் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சூட்டில் பட்டையின் பதம் போய், பின்னொரு நாள் கண் ஒட்டி உடையும். ரப்பரைத் துளைபோட்டு எடுத்து, வெளி உறையை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துத் தட்டி எடுப்பதுதான் முறை.

புது ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும். எண்ணெய் அறைக்குள் காற்று புகுந்திருக்கும். மாட்டும் முன் தண்டு மேலே இருக்கும்படி நேராகப் பிடித்து முழுக்க இழுங்கள். தலைகீழாகத் திருப்பி முழுக்க அழுத்துங்கள். மறுபடி நேராக்கி இழுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்தால் நடுவில் ‘வெறுமை’ இல்லாமல் ஒரே சீராகக் கனக்கும். உள்ளே அழுத்தத்தில் வாயு அடைத்த கேஸ் ஷாக் என்றால் தானாக நீளும். கட்டியிருக்கும் பட்டியை இடத்தில் வைக்கும் வரை அறுக்காதீர்கள்.

புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளுங்கள். வளையத்துக்குப் பதில் தண்டின் நுனியிலேயே நட்டு ஏறும் தண்டு முனை வகையில், பளபளப்பான தண்டை பிளையரால் பிடித்து நட்டு முடுக்குவது கைப்பழக்கமான தப்பு. பல் பட்ட கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலைச் சீவி, சில வாரத்தில் எண்ணெய் கசியும். தண்டின் உச்சியில் தட்டையாக ஓர் இடம் விட்டிருப்பார்கள், அதைப் பிடியுங்கள். ரப்பர் பிதுங்கி வாஷர் அகலத்துக்கு வந்ததும் நிறுத்தி, மேலே லாக் நட்டு போடுங்கள்.

வளைய முனை போல்ட்டுகளையும் பட்டை, ஷேக்கிள் போல்ட்டுகளையும் வண்டி தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்காதீர்கள். கையால் மட்டும் ஏற்றி வையுங்கள். நடுக்குழாய் இறுக்கிப் பிடிபட்ட பிறகு ரப்பர் சுழலாது, முறுகத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறங்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கேறி நிற்கும்; ஒவ்வொரு குழியும் அதை மேலும் முறுக்கும். சில மாதத்தில் கிழியும். வண்டி ஒரு விரல் உயரமாக நிற்பதும் இதனால்தான். குழி இல்லாத இடமானால் ஸ்டாண்டை பாடியிலிருந்து எடுத்து ஆக்சிலின் அடியில் கொடுங்கள். எடை பட்டையில் இறங்கிவிடும், நீங்களும் உள்ளே நுழையலாம். நான்கைந்து முறை பம்பரை அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்குங்கள்.

மாட்டிய பிறகு வரும் புகார்கள்

முதல் நாளே ‘கொட கொட’ என்றால் காற்று வெளியேற்றாமல் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது நட்டு முழுக்க இறுகவில்லை. லாரி மாதிரி விறைப்பாகக் குதித்தால் வேறு வண்டியின் ஷாக்கை நீளம் பார்த்து மட்டும் போட்டிருப்பார்கள். கூடுதல் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் அந்தப் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் அமுக்கி, மறுபடி இறுக்குங்கள். யூ போல்ட்டைக் கழற்றியிருந்தால் புது நட்டு போட்டு, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபாருங்கள். பட்டைகள் உட்கார்ந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கழற்றிய பழைய ஷாக்கை இரும்புக் கடையில் எடைக்குப் போடும்போது கேஸ் ஷாக்காக இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது. அங்கே கட்டரை வைத்து அறுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.